இளையபெருமாள் பின்பாராத படலம்

பின்னால் வரும் விதியை முன்னால் இருந்தபடியே காணும் ஞானம் தவமுனிவர்க்கும் வாய்ப்பதில்லை. அரியலூர்க் கடைத்தெருவில் அதன் விலை ஜோடி முந்நூற்றைம்பது ரூபாய். அதை இருநூற்றெண்பதுக்கு இறக்கிய நாவலிமையோனே, மைதீட்டிய மீசையோனே, இளையபெருமாளே, நீ வாழ்க!

பைக்கில் அந்த ஜோடிக் கண்ணாடிகளை முடுக்கிய கடைக்காரர் வீரமணி, சாலை தெரியும்படி அவற்றைத் திருப்பி வைத்தார். நம் வீரனோ இரண்டையும் தன் திருமுகம் நோக்கி வளைத்துக்கொண்டான்.

"அண்ணே, அது பின்னாடி பாக்குறதுக்குண்ணே."

"பின்னாடி வர்றவன் என்னயப் பாத்து வரட்டும்!" என்று முழங்கினான் நம் கோமான்.

அன்று பெரம்பலூரில் அவன் தங்கை மகள் சுவாதிக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர் பதினோரு தட்டு. பத்துத் தட்டுச் சாமானும் ஒரு வெறுந்தட்டும் மனைவியோடு வேனில் முன்னே போயின. பதினோராவதான பட்டுப்பாவாடையை மட்டும் பெட்டியோடு பின்சீட்டில் ரப்பர் கயிற்றால் கட்டியிருந்தான். பொங்கல் சீரில் குறை கண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிந்த தங்கையின் மாமியாருக்குப் போன் போட்டே சூளுரைத்திருந்தான்: "என் கையால கொண்டாந்து வெக்கிறேன் அத்தை. நீங்களே எண்ணிப் பாத்துக்கங்க!"

சிமெண்ட் லாரிகள் மதகளிறுகளாய்ப் பிளிறும் பெருவழியில் ஒரு பள்ளம். குதித்தது வண்டி, நழுவியது கயிறு, வீழ்ந்தது பெட்டி. அதை எடுத்தவள், ஸ்கூட்டியில் பின்வந்த நர்ஸ் மேகலா. ஹாரனை அமுக்கியபடி துரத்தினாள்.

ஒலி கேட்ட வீரன் கண்ணாடியை நோக்கினான், மீசை தெரிந்தது. "ஒரு ஸ்கூட்டி ஹாரன் என்னை முந்துவதோ!" என்று சினந்து, ஒலி இடம் வந்தால் இடம் மறித்து, வலம் வந்தால் வலம் மறித்து, லாரிக்கும் லாரிக்கும் நடுவே கடல் கிழிக்கும் சுறாவெனப் புகுந்து, புழுதிப்படலம் விண்முட்ட, ஆக்சிலேட்டர் கதறக் கதறப் பறந்தான் அப்பகைமுடித்தோன்.

"அண்ணே, நில்லுங்கண்ணே! பெட்டி! பெட்டிண்ணே!"

லாரிகளின் முழக்கம் அச்சொல்லை விழுங்கியது.

"யோவ், காதுதான் கேக்கல, கண்ணாடியவாவது பாருய்யா!"

பார்த்தான். மீசை அழகாகத்தான் இருந்தது.

பாதி வழியில் அவள் ஸ்கூட்டியில் பெட்ரோல் தீர்ந்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மைல்கல்லின்மேல் உட்கார்ந்தாள். ஹாரன் ஓய்ந்ததைப் பகை ஓய்ந்ததாகக் கொண்ட வெற்றிவேந்தன், மண்டப வாசலில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியில் மீசையைக் கடைசியாக ஒருமுறை நீவிக்கொண்டு இறங்கினான். நல்ல நேரம் முடிய ஐந்தே நிமிடம். தங்கை மலர்கொடி ஓடி வந்தாள்.

"வாண்ணே. பாவாடை எங்கண்ணே?"

அன்றைக்கு முதன்முறையாக அவன் திரும்பிப் பார்த்தான். பின்சீட்டில் ரப்பர் கயிறு தொங்கியது.

உள்ளே மாமியார் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். தட்டு பதினொன்று, நிறைந்தது பத்து, பாக்கி ஒன்று; அதில் ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்தார்கள்.