அளவான கஷ்டம்

கல்லூரிக்குள் புதிதாக நுழையும் பிள்ளை முதல் செமஸ்டரில் எவ்வளவு கஷ்டப்பட வேண்டும் என்பதை அந்தப் பிள்ளையின் பொறுப்பிலேயே விட்டுவிடுவது முறையல்ல என்று, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து வடபகுதியில் இருக்கும் ஹால்வர்சன் கல்லூரி ஒரு நல்ல நாளில் தீர்மானித்தது. தீர்மானம் பிறந்தால் அலுவலகம் பிறக்க வேண்டும். பிறந்தது. பெயர், 'அளவான சவால் அலுவலகம்'. இயக்குநர் லோவல் பிரெண்டிஸ். சுவரில் ஒரு படம்: இரண்டு விரல்களுக்கிடையே இழுபடும் நீல ரப்பர் வளையம். கீழே, 'இழு, அறுக்காதே'.

அந்தப் படத்துக்கு நேர் கீழேதான் பிரிட்டா ஹாகன் உட்கார்ந்திருந்தாள். ஆகஸ்ட் மாதக் கடைசி. மாலை ஐந்து மணிக்குள் அவளுடைய பாடப் பட்டியலில் பிரெண்டிஸின் கையெழுத்து விழ வேண்டும். இல்லாவிட்டால் உதவித்தொகை போய்விடும். உதவித்தொகை போனால் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் மாட்டுப்பண்ணைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

பிரிட்டாவுக்கு நர்ஸ் ஆக வேண்டும். அவள் அம்மாவும் நர்ஸ்தான். முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு வருட வேலை. அன்று காலை போனில் அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "எதை வேணா விட்டுக் குடுடி, கெமிஸ்ட்ரிய விடாத. எந்த மருந்து எதோட சேந்தா என்ன ஆகும்னு தெரியாதவ கையில ஊசி இருக்கக் கூடாது."

பிரெண்டிஸ் அவள் பட்டியலைக் கணினியில் தட்டினார். தட்டிவிட்டு, எக்ஸ்ரே பார்த்த டாக்டர் போல உதட்டைப் பிதுக்கினார்.

"எண்பது."

"என்ன சார் எண்பது?"

"உன் கஷ்டம். அறுபதுலேர்ந்து அறுபத்தஞ்சுக்குள்ள இருக்கணும். கணக்கு இருபத்திரண்டு, இங்கிலீஷ் பன்னெண்டு, உயிரியல் பதினஞ்சு. கெமிஸ்ட்ரி முப்பத்தொண்ணு. அதுதான்மா உன்னக் கவுக்குது."

"முப்பத்தொண்ணுன்னு எப்படி சார் தெரியும்?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல பிரெண்டிஸ் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டார். "எல்லாம் விஞ்ஞானம். போன வருஷம் ஒவ்வொரு வகுப்பு வாசல்லயும் கண்ணத் துடைக்கிற காகிதப் பெட்டி வச்சோம். பெட்டி காலியாகக் காலியாகப் புள்ளி ஏறும். கெமிஸ்ட்ரி வாசல்ல மட்டும் முப்பத்தொரு பெட்டி! பாவம், புள்ளைங்க தேம்பியிருக்கு."

"அது அழுகை இருக்காது சார். அமோனியா. எங்க ஸ்கூல் ஆய்வகத்துலயே கண்ணுல தண்ணி கொட்டும்."

"காரணத்த நாங்க ஆராயிறதில்லம்மா. அது புள்ளைங்களோட அந்தரங்கம்."

கெமிஸ்ட்ரியை எடுத்தார். நாற்பத்தொன்பது. முகம் மறுபடி சுருங்கியது. "இப்போ ரொம்ப லேசாப் போச்சு. காலேஜ் என்ன ஏரிக்கரைல மீன் பிடிக்கிற இடமா? பவுலிங் எடுத்துக்கோ. பதினாலு."

"பந்த உருட்டிக் கட்டையச் சாய்க்கிறதா? அதுக்கா பதினாலு?"

"ஒரு கால்பந்து வீரன் கால் கட்டைவிரல்ல பந்தப் போட்டுக்கிட்டான். பதினாலு பெட்டி."

"கெமிஸ்ட்ரி இல்லாம எப்படி சார் நர்சிங்ல சேத்துப்பாங்க?"

"அதையும் யோசிக்காம இருப்போமா? 'கெமிஸ்ட்ரியோடு நட்பு'ன்னு ஒரு பாடம் வச்சிருக்கோம். தனிமங்களோட அட்டவணைக்கு வண்ணம் தீட்டணும். பிடிச்ச தனிமத்துக்கு ஒரு கடிதம் எழுதணும். நர்சிங் துறை ஒத்துக்கிட்டாச்சு. ஒருத்தரும் அழுததில்ல. புள்ளி பூஜ்யம்."

"எதோட எதச் சேக்கக் கூடாதுன்னு சொல்லித் தருவாங்களா?"

"சேக்கக் கூடாதுங்கிற வார்த்தைய அந்த வகுப்புல பயன்படுத்துறதில்ல. மனசு புண்படும்."

மணி நாலு ஐம்பத்தைந்து. பிரிட்டா கடிகாரத்தைப் பார்த்தாள். மாடுகளை நினைத்தாள். தலையை ஆட்டினாள்.

அறுபத்து மூன்று. பிரெண்டிஸ் கையெழுத்துப் போட்டு, எழுந்து நின்று, நீல ரப்பர் வளையம் ஒன்றை அவள் மணிக்கட்டில் மாட்டிவிட்டார். "வாழ்த்துகள். உன்னோட சவால் அளவா இருக்கு."

செவ்வாய்க்கிழமை காலை, நட்பு வகுப்புக்குப் போகும் வழியில் கெமிஸ்ட்ரி ஆய்வகத்தின் கதவு திறந்திருந்தது. அமோனியா வாசனை. பிரிட்டாவின் கால் தானாக நின்றது. உள்ளே கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த பேராசிரியர் ஸ்டானெக் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்:

"பட்டியல்ல பேர் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப உக்காரு. பேர் இருக்கிறவன் ஒருத்தனும் இங்க இல்ல."

ஏற்கெனவே எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எட்டு மணிக்கட்டிலும் நீல வளையம்.

நட்பு வகுப்பில் வருகைப் பதிவு கிடையாது. வராதவர்களுக்கு அது நெருக்கடியாம். எனவே பிரிட்டா அந்த செமஸ்டர் முழுக்க, பதிவேட்டில் தனிமங்களுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டும், நிஜத்தில் ஸ்டானெக்கிடம் திட்டு வாங்கிக்கொண்டும் இருந்தாள். "இதக் குடிச்சவன் செத்துட்டான் ஹாகன், மறுபடி கணக்குப் போடு" என்பார் அவர். அவள் மறுபடி போடுவாள். டிசம்பரில் ஒன்பது பேரில் அவள்தான் முதல். அந்த மதிப்பெண்ணை எழுத எங்கேயும் கட்டம் இல்லை. நட்பில் மட்டும் 'ஏ' கிரேடு வந்தது. எல்லோருக்கும் வந்தது. பவுலிங்கில் 'பி'. அதற்கு நிஜமாகவே பயிற்சி வேண்டியிருந்தது.

அடுத்த வருடம் அலுவலகம் புள்ளிகளைத் திருத்தியது. கெமிஸ்ட்ரியில் யாருமே பதிவாகவில்லை என்பதால் வாசலில் பெட்டி வைக்கவில்லை. பெட்டி வைக்காததால் ஒன்றுகூடக் காலியாகவில்லை. ஆக, கெமிஸ்ட்ரியின் கஷ்டம் பூஜ்யம். சவாலே இல்லாத பாடம் கல்லூரியின் கௌரவத்துக்குப் பொருந்தாது என்று அதை எடுத்துவிட்டார்கள். ஸ்டானெக்குக்கு நட்பு வகுப்பைக் கொடுத்தார்கள். அவர் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். அதை, 'பிடித்த தனிமத்துக்கு எழுதிய கடிதம்' என்று கோப்பில் சேர்த்துவிட்டார்கள்.

அந்த வருடமே அலுவலகத்துக்கு மாநில விருதும் கிடைத்தது.

ஆறு வருடங்கள் போயின. ஓய்வு நெருங்கும் வயதில், தானும் ஓர் அளவான சவாலை ஏற்க வேண்டும் என்று பிரெண்டிஸுக்குத் தோன்றியது. பவுலிங் பழகப் போனார். மூன்றாவது வாரம் பந்து கால் கட்டைவிரலில் விழுந்தது. பதினாலு பெட்டி ஏன் என்று அன்றைக்குத்தான் அவருக்கு விளங்கியது. விரலில் சீழ் வைத்து ஆஸ்பத்திரியில் படுத்தார்.

மத்தியானம் ஊசியோடு வந்த நர்ஸின் அடையாள அட்டையில் ஒரு நீல வளையம் தொங்கியது.

"நம்ம காலேஜா?" என்று மலர்ந்தார்.

"ஆமா சார். அறுபத்து மூணு. உங்க கையெழுத்துதான்."

பிரெண்டிஸின் முகத்தில் இருந்த மலர்ச்சி மெல்ல வடிந்தது. ஊசியைப் பார்த்தார். போர்வைக்குள் கையை இழுத்துக்கொண்டார்.

"ஏம்மா, நீ கெமிஸ்ட்ரி படிச்சிருக்கியா?"

"நட்பு சார். 'ஏ' கிரேடு."

"அது தெரியும். நிஜ கெமிஸ்ட்ரி?"

"பதிவேட்டுல இல்லையே சார்."

"பதிவேட்டக் குப்பைல போடும்மா! படிச்சியா, இல்லையா?"

பிரிட்டா சிரித்தாள். "படிச்சேன். ஸ்டானெக்கிட்ட. திருட்டுத்தனமா."

"அப்பாடா!" பிரெண்டிஸ் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். ஊசி போனதே தெரியவில்லை. "ரொம்ப நல்ல பொண்ணும்மா நீ. அடுத்த ஊசி எப்போ?"

"ஆறு மணிக்கு. ஆனா என் ஷிப்ட் மூணுக்கே முடியுது. அப்ப வேற பொண்ணு வருவா." அட்டையைச் சரிசெய்துகொண்டே பிரிட்டா தைரியம் சொன்னாள். "கவலையே படாதீங்க சார். அவ என்ன மாதிரி இல்ல. எல்லாத்தையும் முறையாப் பதிவு பண்ணிப் படிச்சவ. ஒரு நட்பு வகுப்பக்கூட விட்டதில்ல."

பிரெண்டிஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டே முக்கால். வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்ற முடியுமா என்று கேட்டார்.

முடியாது. இந்த வட்டாரம் முழுவதற்கும் ஆஸ்பத்திரி இது ஒன்றுதான். அவருக்கும் இதுதான், நமக்கும் இதுதான்.