புல்தரையில் வைத்த நாற்காலி

பல்லாரட்,
வியாழக்கிழமை காலை.

அன்புள்ள வேல்மா அக்காவுக்குத் தம்பி டென்ஸில் எழுதுவது. உன் முழங்காலும் கோழிகளும் சௌக்கியமாக இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் கிடந்து அடித்துக்கொள்கிறது.

என் மனைவி நோரீன் வேலையை விட்டு ஓய்வு பெற்றதிலிருந்து கண்ணில் பட்டதையெல்லாம் நாற்காலியாகவோ விளக்காகவோ மாற்றுகிறாள் என்பது உனக்குத் தெரியும். தோட்டத்து மண்வாரி இப்போது கோட்டு மாட்டும் கம்பம். போன மாதம் என் சாய்நாற்காலியின் கைகளைக் கழற்றிவிட்டு, என் பழைய படகுத் துடுப்புகளைப் பொருத்தினாள். டீ வைக்க வசதியாம். ஒரு வாரம் முணுமுணுத்தேன். இப்போது நகர மண்டபத்தில் அவளுடைய முதல் கண்காட்சி. நேற்றுத் தன் தங்கை வீட்டுக்குக் கிளம்பும்போது, "நாளைக்கு வேன் வரும், நாற்காலியைக் கீறல் விழாம ஏத்தி விட்டுடு, டென்ஸில்" என்றாள். சலவை இயந்திரத்து உருளையில் புதிதாகச் செய்ததைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, இன்று விடிந்ததும் அதைத் தெருவோரப் புல்தரையில் கொண்டுபோய் வைத்தேன். வேண்டாத சாமான்களை அள்ளிப்போகும் நகராட்சி லாரிக்காகத் தெருவே பழைய மெத்தையையும் டிவியையும் வெளியே போட்டு வைக்கும் வாரம் இது என்பது மறந்தே போயிற்று. பல் தேய்த்துவிட்டு வந்து பார்த்தால் நாற்காலியைக் காணோம்! அவள் என்னை நம்பி ஒப்படைத்த ஒரே வேலை. தெருத்தெருவாக அலைந்து திரும்பினால், எதிர்வீட்டு கிளாரி அதில் உட்கார்ந்திருக்கிறான். "புல்லுல கிடந்தா எடுத்தவனுக்குத்தானேப்பா? போன வருஷம் என் ஃபிரிட்ஜை நீ தூக்கிட்டுப் போகலியா?" என்கிறான். கெஞ்சினேன். "சரி, நான் உக்கார வேற ஒண்ணு குடு" என்றான். என் சாய்நாற்காலியைக் கொடுத்து மீட்டேன்.

நோரீன் கேட்டால், என் சாய்நாற்காலியை உன் முழங்காலுக்காக நான் உனக்கு அனுப்பிவிட்டதாகச் சொல்லிவிடு. கொஞ்சம் நொண்டினாலும் நல்லது.

அத்தானுக்கு என் அன்பு. உங்கள் கூரையும் மழைத்தொட்டியும் குறைவின்றி இருக்கட்டும்.

உன் தம்பி,
டென்ஸில்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் நோரீன் ஃபோன் செய்தாள். "அந்த உருளை ஆடுது, அதைத் தூக்கித் தெருவுல போட்டுடு. கண்காட்சிக்குப் போறது உன் துடுப்பு நாற்காலிதான். 'என் வீட்டுக்காரர் இருக்குமிடம்'னு பேர்கூட வச்சுட்டேன்" என்றாள். ஃபோனை வைத்துவிட்டு ஜன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்த்தேன். முழங்கால் கதையை மட்டும் சொல்லிவிடாதே, வேன் உன் வீட்டுக்கு வந்து நிற்கும். கிளாரி துடுப்பில் டீயை வைத்துக்கொண்டு ரேடியோவில் கிரிக்கெட் கேட்கிறான்; ஆட்டம் முடியாமல் எழுந்திருக்க மாட்டானாம். டெஸ்ட் மேட்ச் அக்கா, இன்றுதான் முதல் நாள்.