இன்னும் ரெண்டு அமுக்கு

'கைவைப்பவர்கள்' என்றொரு இனம் உண்டு. யார் வண்டி நடுரோட்டில் நின்றாலும் முதல் ஆளாக வந்து, தையல் மிஷினானாலும் தண்ணீர் மோட்டாரானாலும் "தள்ளுங்க, நான் பாக்கேன்" என்று சட்டைக்கையை மடித்துக்கொண்டு, இறுக்கமாக இருந்த திருகைத் தளர்த்தி, தளர்ந்திருந்ததை இறுக்கி, கடைசியில் "இது கம்பெனி ஃபால்ட்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, கை துடைக்கத் துணி கேட்பார்களே, அவர்கள்தான். பார்த்திருப்பீர்கள். என்னையேகூடப் பார்த்திருக்கலாம்.

என் பெயர் வனமாமலை. ஊர் நாங்குநேரிப் பக்கம். ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் சீட் பொருத்தும் லைனில் வேலை. எஞ்சின் ஷெட்டுக்குள் நான் எட்டிப் பார்த்ததுகூடக் கிடையாது. ஆனால் கார் கம்பெனி என்ற சொல் போதாதா? குன்றத்தூரில் நான் குடியிருந்த தெரு என்னை எஞ்சின் டாக்டராக்கிவிட்டது. மறுக்க எனக்கு மனசு வரவில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்வீடு முழுகியது. வீட்டுக்கார அம்மா சந்திரம்மாள், மகன் ரகு, நிறைமாத மருமகள் பிரவீனா மூவரும் மாடியில் என் அறைக்கு ஏறி வந்தார்கள். ரகு டயர் கம்பெனியில் வேலை பார்ப்பவன். அவனும் எங்கள் இனம்தான். மறுநாள் காலை பிரவீனாவுக்கு இடுப்புவலி கண்டது. போனில் டவர் இல்லை. நான்கு பேரும் ஜன்னலில் நின்று கத்தியதில், கோவளத்திலிருந்து உதவிக்கு வந்திருந்த தேசிங்கு என்பவர் தன் எஞ்சின் படகைத் தெருவுக்குள் திருப்பினார்.

எங்கள் மாடிப்படிக்கு வரும்போது அவருடைய பெட்ரோல் டேங்க் காலி. குழாயைக் கழற்றி வேறொரு டேங்க்கில் மாட்டினார். அந்தக் குழாயின் நடுவே கோழிமுட்டை போல ஒரு ரப்பர் பம்பு. அதை அமுக்கினால் பெட்ரோல் எஞ்சினுக்கு ஏறும். கல்லு மாதிரி ஆகும்வரை அமுக்கினார். "போதும், ஏறிட்ச்சு" என்று சொல்லிவிட்டு, பிரவீனாவைக் கைத்தாங்கலாக இறக்க மேலே போனார்.

போதுமா? அதை அவர் முடிவு பண்ணினால் ஆயிற்றா?

நான் இன்னும் ரெண்டு அமுக்கு அமுக்கினேன். ரகு பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, நான் அமுக்கியது சரியில்லை என்று அவன் ஒரு நாலு அமுக்கு அமுக்கினான். அவன் அமுக்கியபிறகு நான் சும்மா இருந்தால் எங்கள் கம்பெனிக்குத்தானே அவமானம்? எஞ்சினிலிருந்து பெட்ரோல் வழிந்து தண்ணீரில் வானவில்லாகப் பரவியது. "பாத்தியா, நல்லா ஏறிட்டு" என்றேன்.

மாமியாரும் மருமகளும் ஏறி உட்கார்ந்ததும் தேசிங்கு எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தார். இழுத்தார். தோள்பட்டை கழலும் அளவுக்கு இழுத்தார். எஞ்சின் இருமக்கூட இல்லை. குனிந்து மோந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இத யாரு அமுக்குனது?"

நான் மேகத்தைப் பார்த்தேன். ரகு என்னைப் பார்த்தான். அளவுக்கு மீறி ஏறிய பெட்ரோல் அடைத்துக்கொண்டது, நனைந்த பிளக் காய்கிறவரை பொறுக்க வேண்டும் என்றார் தேசிங்கு. பிரவீனா பல்லைக் கடித்துக்கொண்டு, பலகையை இரு கையாலும் பற்றிக்கொண்டாள்.

சந்திரம்மாள் சத்தம் போடவில்லை. "எஞ்சினு தெரிஞ்சவங்க ரெண்டு பேரும் எறங்கித் தள்ளுங்க" என்றார்.

இறங்கினோம். மார்பளவுத் தண்ணீர். காலில் முள்வேலி, கல், யார் வீட்டுக் கட்டிலோ. தேசிங்கு துடுப்புப் போட, நாங்கள் இருவரும் தள்ளினோம். ஒவ்வொரு முறை பிரவீனா முனகும்போதும் நான் வேகமாகத் தள்ளினேன். நான் உருப்படியாகச் செய்த ரிப்பேர் வேலை அது ஒன்றுதான்.

மேட்டுரோட்டில் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது என்று மத்தியானம் தகவல் வந்தது. நான் அங்கேயே ரோட்டில் உட்கார்ந்து அழுதேன்.

அதற்கு முன்பே, ஆம்புலன்ஸ் கிளம்பிய கையோடு, தேசிங்கு கயிற்றை ஒருதரம் இழுத்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டதை இங்கே சொல்லியாக வேண்டும். நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம்.

"நாம அமுக்குனது இப்பத்தான் வேலை செய்யுது அண்ணே" என்றேன்.

அவர் என்னைக் கரையிலேயே விட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று. இவ்வளவு நேரமும் இதைப் படித்தபடியே, 'டேங்க் மூடியில் காற்றுப் போக ஒரு திருகு இருக்குமே, அதை அந்த ஆள் திறந்தாரா?' என்று உங்களுக்குள் ஒரு யோசனை ஓடியதா, இல்லையா?

திறந்துதான் இருந்தார். நீங்கள் தயவுசெய்து கையை எடுங்கள்.