கோட்டுக்கு வெளியே ஓர் ஈரல்

மனித ரத்தம் கணினிக் கோட்டின் சொல்பேச்சு கேட்கும் என்று உலகுக்கு அறிவித்த பெருமை அந்த ஆய்வகத்தின் இரண்டாம் மாடியையே சேரும். புது மாத்திரையின் 'அரை ஆயுள்' இரண்டு மணி நேரம். அதாவது, இரண்டு மணிக்கொரு தரம் ரத்தத்தில் அது பாதியாகும். ஈரல் அதைக் கரைத்துவிட, பத்து மணி நேரத்தில் கிட்டத்தட்ட சுத்தமாகப் போய்விடும். திரையில் கோடு சறுக்குமரம் மாதிரி இறங்கியது.

காலை ஆறு மணிக்கு, சோதனைக்காக மாத்திரை விழுங்கிய சுமைதூக்குபவர் காதில் இது அரைகுறையாக விழுந்தது.

"ரெண்டு மணி நேரத்துல அரை ஆயுசா? எனக்கா நர்ஸம்மா?"

"உங்களுக்கில்லண்ணே, மாத்திரைக்கு."

மாத்திரைக்காக அவர் மனப்பூர்வமாக வருந்தினார்.

பகல் பன்னிரண்டுக்கு எடுத்த ரத்தத்தில் மருந்து முக்கால்வாசி அப்படியே இருந்தது. நூறு கிலோ மூட்டையை ஒற்றை ஆளாக இறக்குகிறவருக்கு டம்ளரைத் தூக்கக் கை எழவில்லை. சுவர் சுற்றியது. கோட்டை வரைந்த நிபுணரே கட்டிலருகே எழுந்தருளினார்.

"நீங்க கோட்டுக்கு வெளிய நிக்கிறீங்க."

"எங்க சார் நிக்கிறது? எந்திரிக்கவே முடியல."

நர்ஸ் குறுக்கிட்டார். "ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம் சார்."

"எதுக்கு? நாலு மணிக்கு மருந்து போயிடும்."

"போகலைன்னா?"

"கோடு தப்புன்னு ஆயிடும். அது நடக்காது."

அவசரக் கூட்டம் கூடியது. பிஸ்கட் பரிமாறப்பட்டது. ஒரு தனிமனித ஈரலின் ஒழுங்கீனத்துக்காக அறிவியலைத் தண்டிப்பது முறையா என்று கனத்த விவாதம். அவருடைய புள்ளியைத் திரையிலிருந்தும் பெயரைப் பட்டியலிலிருந்தும் 'விதிவிலக்கு' என நீக்க ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். கோடு பளிச்சென்று ஆனது.

நாலு மணிக்கு மனைவி வந்தார். கட்டிலிலிருந்து வாசல் நாற்காலிக்கு மாற்றப்பட்டு, தலை தொங்கிக் கிடந்தார் கணவர்.

"ஏங்க, கண்ணத் தொறங்க! சார், என்ன மருந்து குடுத்தீங்க? ஆஸ்பத்திரில கேப்பாங்களே, நான் என்னத்தச் சொல்ல?"

நிபுணர் பட்டியலைப் பொறுமையாகப் பார்த்தார். "இங்க அப்படி யாருக்கும் மருந்து குடுக்கலையேம்மா."

நர்ஸ்தான் ஓடிவந்து மாத்திரையின் பெயரை அந்த அம்மாள் உள்ளங்கையில் பேனாவால் எழுதினார்.

ஆட்டோவில் அவர் மனைவி மடியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தபோது, மாடியில் அறிக்கை கையெழுத்தானது: 'பங்கேற்றவர் எவருக்கும் பக்கவிளைவு இல்லை.'

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பக்கவிளைவு வந்தவரைத்தான் பங்கேற்காதவராக்கி ஆயிற்றே.