காலி வண்டியின் எடை

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

உங்கள் மருமகளின் தகப்பன் பணிவோடு எழுதுவது. தாங்கள் சுகமாகவும், தங்கள் முட்டிவலி சுகமில்லாமலும் இருக்க வேண்டுகிறேன். இங்கே ஒருவரைத் தவிர எல்லோரும் நலம். அந்த ஒருவர் நம் பேத்தி இல்லை. இதை முதலிலேயே சொல்லாவிட்டால் பாதிக் கடிதத்தில் நீங்கள் பெட்டி கட்ட எழுந்துவிடுவீர்கள். நீங்கள் என் போனை எடுப்பதில்லை. நான் பேசிய பேச்சுக்கு, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் எடுத்திருக்க மாட்டேன். அதனால், தன் மூக்குக்கண்ணாடிக் கடைக்குச் சரக்கு வாங்க நாளை உங்கள் ஊருக்கு வரும் உங்கள் மகன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். சனிக்கிழமை வண்டிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறீர்களாம். தயவுசெய்து ரத்து செய்துவிடுங்கள். நீங்கள் வர வேண்டிய அவசியமே இல்லை. ஏன் என்று எழுதுகிறேன். நேற்று தூக்கிவாரிப் போட்டது இன்னும் அடங்கவில்லை, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

என் மகள் மறுபடி ரயில் ஓட்டப் போன நாள் முதல் பகலில் குழந்தை என் பொறுப்பு. "உங்களால முடியுமா சம்பந்தி?" என்று நீங்கள் கேட்டீர்கள். "லாரி லாரியா சிமென்ட்டுக்குப் பதில் சொன்னவன், இந்த ஒரு மூட்டைக்குப் பதில் சொல்ல மாட்டேனா?" என்று நான் மார்தட்டினேன். அன்றிலிருந்து குழந்தைக்கு மூட்டை என்றே பெயராகிவிட்டது. எடைமேடையில் உட்கார்ந்தே தலை நரைத்தவன் நான். லாரியை ஏற்று, முள்ளைப் பார், சீட்டைக் கிழித்துக் கொடு, இதுதான் எனக்குத் தெரிந்த தொழில். பிள்ளை வளர்ப்பையும் அதே வழியில்தான் ஆரம்பித்தேன். வீட்டில் ஏறி நின்று எடை பார்க்கிற மெஷின் ஒன்று இருக்கிறது. அதில் மூட்டையை உட்கார வைத்தால் நொடியில் இறங்கி சோபாவுக்கு அடியில் போய்விடுகிறாள். ஆகவே முதல் நாள் நான் மட்டும் ஏறி என் எடையைப் பார்த்து மனதில் போட்டுக்கொண்டேன். பிறகு வாராவாரம் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறுவேன், வருகிற எடையில் என்னைக் கழிப்பேன், மிச்சம் மூட்டை. கணக்கு எவ்வளவு சுத்தம் பாருங்கள்.

முதலில் எடை ஏறவில்லை. போகட்டும் என்று விட்டேன். அடுத்து இறங்க ஆரம்பித்தது பாருங்கள், அவள் சாப்பிட்டதையெல்லாம் பட்டியல் போட்டுப் பார்த்தேன். சாப்பாட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை. நீங்கள் அனுப்பிய மாவில் கஞ்சி, மசித்த கேரட், பருப்பும் சோறும், மாலையில் வாழைப்பழம். ஒரு வயது முடிகிற வரை உப்பு, சர்க்கரை, தேன் மூன்றும் கூடாது என்பது மகளின் கட்டளை, அதனால் எதிலும் ருசி என்பது பேருக்கும் கிடையாது. ஆனாலும் மூட்டை கிண்ணத்தை நக்கிவிட்டுக் கரண்டியையும் கேட்கிறாள். ஏற்றின லோடு வழியில் குறைந்தால் எங்கேயோ இறக்கிவிட்டார்கள் என்றுதான் அர்த்தம். இவள் எங்கே இறக்குகிறாள்? வேளையைக் கூட்டினேன். கிண்ணத்தோடு கட்டில், மேஜை, பால்கனி என்று அவள் தவழ்கிற இடமெல்லாம் பின்னாலேயே போனேன். எவ்வளவுக்கு எவ்வளவு ஓடினேனோ அவ்வளவுக்கு அவ்வளவு எடை இறங்கியது. இரவில் முள் என் கனவில் இடதுபக்கமாகவே போனது.

கீழ்வீட்டுத் தையல்காரரிடம் அழாத குறையாகச் சொன்னேன். மனிதர் சிரிக்கிறார். "என்ன சார் சொல்றீங்க, போன மாசம் நான் தச்சுக் கொடுத்த கவுனு கையில ஏற மாட்டேங்குது. கொழுகொழுன்னு இருக்கு." துணி சுருங்கியிருக்கும் என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடிப்போனது. "அப்ப உங்க பேன்ட்டும் பெருத்துப் போச்சா? இடுப்பைப் பிடிச்சுத் தரவா?" என்று கேட்டார். வீட்டில் ஒரு குழந்தை கரைந்துகொண்டிருக்கும்போது இந்த ஆள் வியாபாரம் பார்க்கிறாரே என்று பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்துவிட்டேன்.

இனி மறைக்கக் கூடாது என்று அன்று மாலை வீட்டில் சொன்னேன். ஊர்க் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிற உங்கள் மகன் குழந்தையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "எனக்கு நல்லாத்தான தெரியுது மாமா" என்றார். கண்ணை நம்பாதீர்கள், முள்ளை நம்புங்கள் என்றேன். என் மகள் சீருடையைக்கூட மாற்றவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "நான் வேலைய விட்டுடுறேன்பா" என்றாள். சம்பந்தி அம்மா, அந்த வேலைக்கு அவள் எத்தனை பரீட்சை எழுதினாள், "பொம்பளையா ரயில் ஓட்டுறது?" என்று எத்தனை பேர் வாயில் விழுந்து எழுந்தாள் என்று எனக்குத் தெரியும். அவள் ஓட்டிய முதல் ரயிலில் நான் காரணமே இல்லாமல் கடைசி நிலையம் வரை போய்த் திரும்பினேன். அந்த வேலையை விடுகிறேன் என்றதும் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. அந்தக் கையோடுதான் உங்களுக்குப் போன் போட்டு, "உங்க கஞ்சி மாவுல என்னத்தக் கலந்து அனுப்புறீங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

நேற்றுக் காலை நானும் மகளும் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நர்ஸ் மூட்டையைத் தொட்டி மாதிரி இருந்த மெஷினில் கிடத்தினார். டாக்டர் பார்த்துவிட்டு, "வயசுக்கு ஏத்த எடைதான். சொல்லப்போனா ஒரு பிடி கூடுதல்" என்றார். நான் விடவில்லை. உங்கள் மெஷினில் கோளாறு, மேஜை மட்டமாக இல்லை, முத்திரை போட்டு எத்தனை வருஷம் ஆச்சு என்றெல்லாம் கேட்டேன். நர்ஸுக்குப் பொறுமை போய்விட்டது. "அந்தப் பெரிய மெஷின்ல நீங்க ஏறுங்க தாத்தா, அது சரியா இருக்கான்னு சொல்லுங்க" என்றார். ஏறினேன். முதல் நாள் பார்த்த என் எடையில் முழுசாக நாலு கிலோவைக் காணோம்.

இறங்கி மறுபடி ஏறினேன், அதே எடைதான். ஒவ்வொரு தடவையும் காலி வண்டியை எடை போடாமல் லோடு வண்டியை எடை போடாதே என்பதுதான் என் தொழிலின் முதல் பாடம். டிரைவர்கள் கெஞ்சுவார்கள். "போன வாரம் போட்ட எடைதான் சார், வண்டி என்ன இளைச்சா போயிடும்?" என்பார்கள். டீசல் குறையும், ஸ்டெப்னியைக் கழற்றியிருப்பாய், கிளீனர் இறங்கியிருப்பான், போ போய்க் காலியாக ஏறு என்று விரட்டியவன் நான். இத்தனை மாதமும் என்னைக் காலியாக ஏற்றிப் பார்க்கவே இல்லை. மூட்டை பாட்டுக்கு வளர்ந்திருக்கிறாள். வண்டி இளைத்திருக்கிறது.

டாக்டர் குழந்தையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "மத்தியானம் என்ன சாப்பிடுறீங்க?" என்றார். பருப்பும் சோறும் மசித்து, கேரட் என்றேன். "அது அவளுக்கு. நீங்க?" யோசித்துப் பார்த்தேன் சம்பந்தி அம்மா, ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அவள் தூங்குகிற நேரத்தில் சாப்பிடலாம் என்று நினைப்பேன், அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே நானும் தூங்கிவிடுவேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வியாதி ஒன்றும் இல்லை, வேளைக்குச் சாப்பிட்டால் போதும் என்றார்கள். மகள் என் பேன்ட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து வழிவிட்டால் தேவலை என்றிருந்தது.

ஆகவே தங்கள் கஞ்சி மாவின் மேல் நான் சுமத்திய பழியை முழுசாகத் திரும்பப் பெறுகிறேன். தையல்காரரிடமும் மன்னிப்புக் கேட்டு, பேன்ட்டைக் கொடுத்துவிட்டேன். மகள் இன்று காலை வழக்கம்போல் ரயிலுக்குப் போனாள், எனக்குத் தட்டில் சோறு போட்டு மூடி வைத்துவிட்டு. வேலையை விடுகிற பேச்சே இல்லை. வீடு முழுக்க என் கட்டுப்பாட்டில் இருக்கிறது. நீங்கள் வீணாக அலைய வேண்டாம், முட்டிக்கு ஓய்வு கொடுங்கள்.

அங்குள்ள பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி. மூட்டை இந்தக் கடிதத்தின் ஓரத்தைக் கடித்து தன் முத்திரையையும் வைத்திருக்கிறாள், ஏற்றுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் மேல் என்றும் மரியாதையுள்ள சம்பந்தி

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது மகள் வேலையிலிருந்து வந்தாள். சமையலறையில் மூடி வைத்த தட்டு மூடினபடியே இருந்தது. மூட்டைக்கு ஊட்டியாயிற்று, உங்களுக்கு எழுத உட்கார்ந்ததில் எனக்கு மறந்துவிட்டது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைக்கு உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள். "குழந்தைய விட உன்னப் பாத்துக்கத்தான்பா ஆள் வேணும். நான் வேலைய விட்டுடுறேன்" என்கிறாள், சீருடையோடு. மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். டிக்கெட்டை ரத்து செய்யாதீர்கள். முடிந்தால் வெள்ளிக்கிழமையே வாருங்கள். கஞ்சி மாவு இரண்டு பங்காகக் கொண்டு வாருங்கள், ஒன்று மூட்டைக்கு, ஒன்று வண்டிக்கு. வண்டிக்கு உப்புப் போடலாம்.