அலுமாரியில் விழுந்த எழுத்து

அரைகுறையாக விஷயம் தெரிந்தவனால் ஒரு வீட்டுக்கு வருகிற சேதாரம், ஒன்றுமே தெரியாதவனால் வருவதில்லை. இது நான் அனுபவத்தில் கண்ட உண்மை. அனுபவித்தது என் மனைவியின் அலுமாரி.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்தெட்டு வயது. ஊர் கரம்பொன். யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு கந்தோரில் கிளாக்கர் வேலை. தினமும் பஸ்ஸில் போய்வருகிற நேரத்தில் கையில் அகப்பட்ட சஞ்சிகைகளையெல்லாம் படித்துத் தள்ளுவேன். அதனால் எனக்கு எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரியும். (எதிலுமே கொஞ்சத்துக்கு மேல் தெரியாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொன்னவர்களோடு நான் கதைப்பதில்லை.)

புங்குடுதீவு மடத்துவெளியில் எனக்குப் பெண் பேசினார்கள். பெயர் தவமணி, பள்ளிக்கூடத்து ரீச்சர். தகப்பனார் பனைமர வியாபாரி. வீடு கட்டுகிறவர்களுக்கு மரம் தறித்து, கூரைக்கு வளையும் சிலாகையுமாக அறுத்துக் கொடுப்பவர். எங்கள் பக்கத்துப் பேச்சாளர் என் அக்கா. அவர்கள் தங்கள் பெருமைகளை அடுக்கிக்கொண்டே போக, அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"எங்கடை தம்பி எழுத்துக்கு வைர மோதிரம் போடுவான்" என்றாள்.

குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணி எனக்கு மூக்கால் வந்தது. அந்த நிமிடம்வரை அப்படி ஒரு திட்டம் இருப்பது எனக்கே தெரியாது.

எங்கள் பக்கத்தில் கலியாணப் பதிவை ‘எழுத்து’ என்போம். பதிவுகாரர் பெண் வீட்டுக்கு வருவார், மேசை போட்டுக் கையெழுத்து வைப்போம், மோதிரம் மாற்றுவோம். தாலிகட்டு பிறகு ஒரு நல்ல நாளில் நடக்கும். ஆகவே எழுத்தன்று போடுகிற மோதிரம்தான் மாப்பிள்ளை வீட்டின் மானம், மரியாதை எல்லாம். அக்கா அதை வைரத்தில் பதித்துவிட்டாள்.

பட்டினத்தில் கன்னாதிட்டியில் ஒரு நகைக்கடைக்கு நானும் அக்காவும் போனோம். வைரத்தைப் பற்றி நான் ஒரு சஞ்சிகையில் இரண்டரைப் பக்கம் படித்திருந்தேன். (மீதி அரைப் பக்கத்தில் யாரோ கடலை சுற்றிக் கொண்டுபோயிருந்தார்கள்.) பத்தர் மூன்று கற்களை எடுத்து வெல்வெட்டில் வைத்தார். புதுக் கற்கள் வராத காலம். மூன்றும் பழைய தோடுகளிலிருந்து கழற்றியவை. ஒவ்வொன்றும் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது. நான் பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிக் கண்ணில் பொருத்தினேன்.

"உள்ளுக்குள்ளை கறுப்பாய் ஏதோ நாரு மாதிரி ஓடுது, பத்தர். இது குற்றமுள்ள கல்லு" என்றேன்.

"அது உம்மடை கண்மயிர், தம்பி" என்றார் பத்தர்.

அக்கா என் காலை மிதித்தாள். நானும் விடவில்லை. "சரி, இது உண்மையான வைரம் எண்டு எப்பிடித் தெரியும்?"

"வைரம் எண்டால் கண்ணாடியை வெட்டும். ஆனால் அந்த வேலையெல்லாம் நீர் செய்து பாக்க வேண்டாம்."

இதில் முதல் வசனம் மட்டுமே என் காதில் விழுந்தது.

மூன்றில் ஒரு கல்லைத் தெரிந்தெடுத்தாயிற்று. ஆனால் மோதிரத்தில் பதிக்க அக்கா விடவில்லை. வைரத்துக்குத் தோஷம் உண்டு, மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்த்துத்தான் வாங்கவேண்டும் என்றாள். பத்தருக்கும் அது வழக்கமான சங்கதி. கடதாசியில் மடித்துத் தந்துவிட்டார். அதைச் சாமி அறையில் வைத்து அக்கா காவல் இருந்தாள். முதல் நாள் கிணற்றுக் கயிறு அறுந்தது. "அது பழங்கயிறு" என்று தீர்ப்புச் சொன்னாள். இரண்டாம் நாள் மாடு உதைத்து அவளே விழுந்தாள். "அது எப்பவும் உதைக்கிறதுதானே." மூன்றாம் நாள், பெரியப்பா மகன் குடும்பத்தோடு வந்து ஒரு மாதம் நிற்கப்போவதாகக் கடிதம் வந்தது. அக்கா கொஞ்சம் யோசித்தாள். "இது தோஷமில்லை, சொந்தம்" என்றாள். கல் தேறிவிட்டது.

எழுத்து நாள் வந்தது. வாடகைக் காரில் மடத்துவெளிக்குப் போனோம். வழியில் சாட்டிக் கடற்கரை தாண்டுவதற்குள் மோதிரப் பெட்டியை நான் ஏழு தடவை திறந்து பார்த்தேன். எட்டாவது தடவை அக்கா பெட்டியைப் பறித்துத் தன் கைப்பைக்குள் போட்டாள்.

வீட்டு விறாந்தையைக் கடந்து உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டது நான்தான். ஆளுயரக் கண்ணாடி பதித்த புத்தம்புதுத் தேக்கு அலுமாரி ஒன்று நடு மண்டபத்தில் நின்றது. அறை வாசலால் போகாததால் அங்கேயே நிறுத்தியிருந்தார்கள். நான் அதில் என் தலைமயிரைச் சரிசெய்யக் கிட்டப் போக, தவமணியின் தங்கை புஷ்பம் ஓடிவந்தாள்.

"சாயாதேங்கோ அத்தான்! அக்கா தன்ரை சம்பளத்திலை செய்விச்சது. கண்ணாடிக்கு மட்டும் எட்டு மாசம் காத்திருந்தவ. ஆரும் தொட்டால் கொல்லுவா."

வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோயிருந்த காலம். ஒரு நல்ல கண்ணாடி எடுப்பது குதிரைக்கொம்பு. நான் மரியாதையாகப் பின்வாங்கினேன். இதையும் சொல்லிவைக்கிறேன், பின்னால் என் பக்கம் பேச வேறு ஒன்றும் இல்லை.

மேசையில் பதிவுகாரர் புத்தகத்தை விரித்திருந்தார். தவமணியை இன்னும் அறையிலிருந்து அழைத்துவரவில்லை. வருங்கால மாமனார் மோதிரத்தைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"தம்பி, இது வைரமோ?"

"ஓம் மாமா."

"கறுப்பு ஓடேல்லையே. வெள்ளையாய் எல்லோ கிடக்கு? இது வெளிறு."

பனையைத் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். முற்றிய பனையின் புறச்சுற்றில் கறுத்து இறுகிக் கிடப்பதுதான் வைரம். வெளுத்து, இறுகாமல் சோத்தியாகக் கிடக்கிற மரம் வெளிறு, அது கூரைக்கு உதவாது. தீவில் சின்னப்பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரம் என் தலை முழுக்க அந்த இரண்டரைப் பக்கம்தான் நிறைந்திருந்தது. சபையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். போலி மோதிரம் கொண்டுவந்தவன் என்று சிரிக்கிறார்கள் என நினைத்தேன். காது சுட்டது.

"மாமா, இது சுத்தமான வைரம். கண்ணாடியை வெட்டும்!"

"அப்பிடியோ? வெட்டிக் காட்டும், பாப்பம்."

"ஒரு கண்ணாடிச் சாமான் தாருங்கோ."

புஷ்பம் ஓடிப்போய்ச் செம்பு கொண்டுவந்தாள். செம்பு கண்ணாடி இல்லை என்று விளக்கினேன். லாம்புச் சிமினியைக் கேட்டேன், வெடித்துவிடும் என்றார்கள். பதிவுகாரரிடம் மூக்குக்கண்ணாடியை ஒரு நிமிடம் தரமுடியுமா என்று கேட்டேன். அவர் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நல்ல நேரம் போகுது" என்றார்.

அப்போதுதான் என் கண் அலுமாரியில் விழுந்தது.

மாமாவின் கையிலிருந்து மோதிரத்தை வாங்கி, மூலையில் கடுகளவுதான் கீறினேன், சத்தியமாக. மாமா குனிந்து பார்த்தார். "ஒண்டும் தெரியேல்லையே" என்றார். கொஞ்சம் மேலே கீறினேன். "என்ரை கண்ணுக்கு எட்டேல்லை, தம்பி." அந்த வார்த்தையோடு எனக்குள் இருந்த விஞ்ஞானி முழுசாக எழும்பிவிட்டார். கண்ணாடியின் நடுவில், முகம் தெரிகிற உயரத்தில், தச்சன் நூல் அடித்த மாதிரி ஒரு சாண் நீளத்துக்கு மேலிருந்து கீழே ஒரே இழுவை. ‘கிறீச்’ என்ற சத்தத்தில் வளவுக்குள் நின்ற நாய் எழும்பிப் போனது.

"இப்ப தெரியுதோ, மாமா?" என்று வெற்றியோடு திரும்பினேன்.

"தெரியுது" என்றார் மாமா. அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. சால்வைத் தலைப்பால் கோட்டைத் துடைத்தார். எச்சில் தொட்டுத் துடைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"இது போகாதோ?"

"போகாது மாமா. அதுதான் வைரம்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே விளங்கியது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். புஷ்பம் அறைக்குள் ஓடினாள். அவள் குரல் மடத்துவெளி முழுக்கக் கேட்டிருக்கும்.

"அக்கா! அத்தான் உன்ரை அலுமாரியிலை எழுதிப்போட்டார்!"

தவமணி வெளியே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேரே கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். கோட்டை ஒரு விரலால் மேலிருந்து கீழே தடவினாள். பதிவுகாரர் பேனையை மூடினார். அந்தச் சத்தம் எனக்கு இன்றைக்கும் காதில் கிடக்கிறது. அவ்வளவுதான், இவள் மாட்டேன் என்று சொல்லப்போகிறாள், சொன்னாலும் நியாயம்தான் என்று நினைத்தேன். கண்ணாடியில் அவள் கண் கலங்கியிருந்ததைக் கண்டேன். அதைப் பகிடியாக எழுத எனக்கு வராது. தன் உழைப்பில் வாங்கிய முதல் சாமான். அதை நான் அழித்துப்போட்டேன்.

அவள்தான் பேசினாள். அவள் குரலை நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான்.

"எழுத்து மேசையிலை எண்டெல்லோ சொன்னவை? ஆர் இவரை அலுமாரியடிக்கு விட்டது?"

சொல்லிவிட்டுப் போய்க் கதிரையில் இருந்தாள். ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு மண்டபமே வெடித்துச் சிரித்தது. பதிவுகாரர் பேனையைத் திரும்பவும் திறந்தார். புத்தகத்தில் விழுந்த என் கையெழுத்தைவிட, அலுமாரியில் விழுந்ததே நேராக இருந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் மாமா என் பக்கத்தில் வந்து இருந்தார். "நான் பகிடிக்கெல்லோ சொன்னனான், தம்பி. என்ரை மனிசி முப்பது வருஷமாய் வைரத்தோடு போடுறா. எனக்கு வைரம் தெரியாதோ? நீர் விறைச்சுப்போய் நிண்டீர், கொஞ்சம் சிரிக்க வைப்பம் எண்டு பாத்தனான். அலுமாரியை அறுப்பீர் எண்டு ஆர் கண்டது!"

ஊருக்குத் திரும்பியும் எனக்குப் புத்தி வரவில்லை. மோதிரத்தைப் பராமரிப்பது எப்படி என்று தவமணிக்கு ஒரு கடிதம் எழுதினேன். தேங்காய் திருவும்போது, மீன் வெட்டும்போது மோதிரத்தைக் ‘களற்றி’ வைக்கவேண்டும். கிழமைக்கு ஒருமுறை வெந்நீரில் சவர்க்காரம் கரைத்துக் கழுவவேண்டும். இப்படி ஒன்பது விதிகள். நாலாம் நாள் என் கடிதமே திரும்பி வந்தது. ‘களற்றி’யைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு, மேலே ‘கழற்றி’ என்று எழுதியிருந்தாள். அடியில் பத்தாவது விதி ஒன்றும் இருந்தது: "மோதிரத்தை வீட்டுக்காரரின் கைக்கு எட்டாமல் வைக்கவேண்டும்."

தாலிகட்டு முடிந்து நான் மடத்துவெளிக்கே குடிபோனேன். கண்ணாடியில் முகம் பார்த்தால் அந்தக் கோடு என்னைச் சரிபாதியாகப் பிளக்கும். ஒரு பக்கம் அரை, மறு பக்கம் குறை. வேறு கண்ணாடி மாற்றுவோம் என்று நான் கெஞ்சாத நாள் இல்லை. ஒரு காலை தவமணி அதன் முன்னால் நின்று, கோடு நெற்றிக்கு நடுவில் வரும்படி தலையைச் சரித்து, அதன் மேல் பொட்டை வைத்தாள்.

"கண்ணாடியை மாத்த வேண்டாம். இப்பதான் என்ரை பொட்டு கோணாமல் விழுகுது" என்றாள்.

நாலைந்து வருடம் கழித்துப் புஷ்பத்துக்கு எழுத்து வந்தது. காலையில் தவமணி அவளை அதே கண்ணாடி முன் நிறுத்தி, "அத்தான் கீறின கோட்டிலை வை, பிழைக்காது" என்று பொட்டு வைப்பித்தாள். இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் யாருக்காவது எழுத்துக்கு நாள் வைத்தால், "மேசையிலையோ, அலுமாரியிலையோ?" என்று கேட்காமல் விடமாட்டார்கள். அந்தக் கேள்வி பிறந்தது புஷ்பத்தின் எழுத்தன்றுதான், முதலில் கேட்டவர் மாமா.

அன்றைக்கு வந்த பதிவுகாரரும் எங்கள் எழுத்துக்கு வந்த அதே ஆள். மேசையில் புத்தகத்தை விரித்துவிட்டு நிமிர்ந்தார். பக்கத்தில் நின்ற என்னை அடையாளம் கண்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மடித்து, சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.