முதல் விருப்பம்: நிலவியல்

"அம்மா, ஒரு பார்சல் வருது. உன் போனுக்கு நாலு நம்பர் வந்திருக்கும், கொஞ்சம் சொல்லேன்."

சில்லு தன் குரலை, பார்சலுக்காகக் காத்திருப்பவளின் குரலாக எவ்வளவு மாற்ற முடியுமோ அவ்வளவு மாற்றிக்கொண்டு கேட்டாள். கல்லூரி விண்ணப்பம் கம்ப்யூட்டரில் பாதி நிரம்பிக் கிடந்தது. முதல் விருப்பம், நிலவியல். இரண்டாம் விருப்பம், அதுவும் நிலவியல்.

அம்மா போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தாள். "நாலு, ஒம்பது, ஒண்ணு, ரெண்டு. என்ன பார்சல்?"

"ஷாம்பு."

"வீட்ல இருக்கே."

"இது வேற ஷாம்பு."

எண்ணைத் தட்டியதும் திரையில் சிவப்பு எழுத்து வந்தது. 'இந்த அலைபேசி எண்ணில் ஏற்கெனவே ஒரு விண்ணப்பம் பதிவாகியுள்ளது.'

அவசரத்தில் இரண்டு முறை அழுத்தித் தொலைத்துவிட்டோம் என்று சில்லு தன்னையே நொந்துகொண்டாள்.

அம்மாவிடம் நேராகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பவர்கள் அவளுடைய அம்மாவைப் பார்த்ததில்லை. அம்மா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். இருபது வருஷம் அதை மிதித்து மிதித்துப் பழகியதில், வீட்டிலும் யார் எந்தப் பக்கம் திரும்பினாலும் அம்மாவின் கால் தானாக அழுந்திவிடும். அப்பா கப்பலில் சமையல்காரர். அவர் மட்டும் பிரேக் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டார்.

பரீட்சை முடிந்த அன்றே அம்மா தீர்ப்பைச் சொல்லிவிட்டாள். "நீ காமர்ஸ் எடு. சாயங்கால வகுப்பு போதும். பகல்ல யாராச்சும் ஸ்கூலைப் பாத்துக்கணும்."

"நீ இருக்கியே."

"எப்பவும் நானே இருப்பேனா?"

இதற்கு மேல் பேசுவது வீண் என்று சில்லு வாயை மூடிக்கொண்டு, விண்ணப்பத்தைத் திறந்துகொண்டாள்.

அம்மாவின் எண் ஆகாதென்றான பிறகு, தையல்கடை வைத்திருந்த சித்தியின் எண்ணைப் போட்டாள். சித்தி வாய் நிறைய குண்டூசியோடு தலையை ஆட்டினாள். விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. நாலாம் நாள் கல்லூரியிலிருந்து சித்திக்குப் போன் வந்தது.

"வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நேர்காணலாம்டி. தாயார் கூட வரணுமாம். நீங்கதானே தாயார்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"வாயில ஊசி. ம்னு சொல்லிட்டேன்."

ஆக சித்தி தாயாரானாள். முகஜாடை அக்கா தங்கைக்கு ஒன்றுதான், அதில் சிக்கல் இல்லை. விண்ணப்பத்தில் 'தாயார் தொழில்' என்ற இடத்தில் சில்லு டிரைவிங் ஸ்கூல் என்று எழுதிவைத்ததுதான் சிக்கல். சித்தி காரில் பின்சீட்டைத் தவிர வேறெதிலும் உட்கார்ந்ததில்லை.

மூன்று நாள் பாடம் நடந்தது.

"மேட்டுல வண்டி நின்னுடுச்சு. கத்துக்க வந்தவர்கிட்ட என்ன சொல்லுவ?"

சித்தி யோசித்தாள். "இறங்கித் தள்ளுங்கன்னு."

"கிளட்ச்சைப் பாதி விடச் சொல்லணும் சித்தி."

"பாதின்னா எத்தனை இஞ்ச்?"

வியாழன் காலை அம்மா தூக்கிப் போட்டாள் ஒரு குண்டை. "எனக்கு லைசென்ஸ் ஆபீஸ்ல வேலை இருக்கு. பத்து மணிக்குப் பல் டாக்டர் வருவாரு. நீதான் பக்கத்துல உக்காரணும். நாளைக்கு அவருக்கு டெஸ்ட்."

பல் டாக்டர் மூன்று மாதமாகக் கற்றுக்கொண்டிருந்தவர். எதிரே வருகிறவர் கொட்டாவி விட்டால் சாலையை விட்டுவிட்டு வாயைப் பார்ப்பார். அவரைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று சில்லு வயிற்றுவலி, டயர் பஞ்சர், எஞ்சின் சூடு என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்தாள். அவர் அசையவில்லை.

"வயித்துவலிக்கு மாத்திரை தரேன். டயரைப் பாத்தேன், நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு எனக்கு டெஸ்ட்டும்மா."

மணி பத்தேகால், சித்தியும் தயாராக வந்து நின்றாள். சில்லு ஒரு முடிவுக்கு வந்தாள். "சரி, இன்னைக்கு நீண்ட தூரப் பயிற்சி. ஏறுங்க. சித்தி, பின்னாடி ஏறு."

அப்படித்தான், கூரைமேல் அம்மாவின் ஸ்கூல் பெயர் எழுதிய மஞ்சள் பலகையோடு, மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர் வேகத்தில் மூவரும் கல்லூரிக்குப் புறப்பட்டார்கள். சைக்கிளில் போன ஒருவர் முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்து அனுதாபப்பட்டார். பின்சீட்டில் சித்தி "கிளட்ச் பாதி, கிளட்ச் பாதி" என்று ஜபித்துக்கொண்டு வந்தாள். அதைத் தனக்கான உத்தரவென்று நினைத்து டாக்டரும் வழியெல்லாம் அப்படியே செய்தார். கல்லூரி வாசலில் வண்டி ஒரு குலுக்கலோடு பூந்தொட்டியை முத்தமிட்டு நின்றது.

மணி பத்து ஐம்பத்தெட்டு. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி நேர்காணல் அறை வாசலுக்கு ஓடிய சில்லு அப்படியே நின்றாள்.

பெஞ்சில், கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கும் நீலப்புடவையில், மடியில் ஒரு கோப்போடு அம்மா உட்கார்ந்திருந்தாள்.

பின்னால் வந்த சித்தி ஒரே பார்வையில் தாயார் பதவியைத் துறந்தாள். "அக்கா, நான் சும்மா துணைக்கு வந்தேன்."

அம்மாவின் முகம் வெளிறிப்போயிருந்தது. "நீ எங்கடி இங்க? டாக்டர் எங்க?"

"கீழ, பூந்தொட்டி பக்கத்துல. எப்படிக் கண்டுபிடிச்ச?"

"எதை?"

"தெரியாத மாதிரி நடிக்காதம்மா. என்னைத் தடுக்கத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்க?"

"மெதுவாப் பேசு. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்." சில்லு குரலை இறக்கவில்லை. "ஸ்கூலைப் பாத்துக்க என்னால முடியாது. காமர்ஸும் படிக்கப்போறதில்ல. இதுக்கெல்லாம் காரணமே நீதான். மூணு வயசுலேருந்து என்னைப் பின்சீட்டுல உக்கார வச்சுக்கிட்டு ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் ஓட்டக் கத்துக்கொடுத்த. அந்த மலைச்சரிவுல ஒவ்வொருத்தரும் பத்துத் தடவை நிறுத்தி நிறுத்தி எடுப்பாங்க. எனக்குப் பாக்க என்ன இருந்துச்சு? ஜன்னலுக்கு வெளிய வெட்டி விட்ட அந்தப் பாறைதான். கறுப்பு வரி, வெள்ளை வரி, நடுவுல ஒரு செவப்பு வரி. மத்த பிள்ளைங்க கார்ட்டூன் பாத்தாங்க, நான் பாறை பாத்தேன். கல்லுச் சில்லாப் பொறுக்கறேன்னு நீதான் எனக்குப் பேரும் வச்ச. இப்ப அதைப் படிக்காதன்னா எப்படி? நீ எந்த பிரேக்கை மிதிச்சாலும் நான் நிக்கப்போறதில்ல."

தாழ்வாரத்தில் காத்திருந்த பிள்ளைகளும் பெற்றோரும் கோப்புகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். சித்தி ஜன்னல் வழியாகப் பூந்தொட்டியைப் பார்த்தாள்.

அம்மா மடியிலிருந்த கோப்பை நேராக்கி வைத்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "அது இரும்பு."

"எது?"

"அந்த செவப்பு வரி. இரும்பு கலந்த மண்ணு."

இந்த நேரத்தில் இது என்ன பேச்சு என்று சில்லுவுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அதற்குள் அறைக் கதவு திறந்து, கையில் பட்டியலோடு அலுவலக உதவியாளர் எட்டிப்பார்த்தார். "முப்பத்தொண்ணு."

தன் எண் முப்பத்திரண்டு. அம்மாவோ எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு நேராகக் கதவை நோக்கி நடந்தாள். உள்ளே போய் எல்லாவற்றையும் கலைத்துவிடப் போகிறாள். சில்லு பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள். "நீ உள்ள போகக் கூடாது. சார், இவங்க பேச்சைக் கேக்காதீங்க. என் விண்ணப்பத்தை ரத்து பண்ண வந்திருக்காங்க."

உதவியாளர் பட்டியலைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், சில்லுவின் பிடியைப் பார்த்தார்.

"அவங்க கையை விடும்மா, நேரமாகுது. முப்பத்தொண்ணே அவங்கதான், நிலவியல் முதல் வருஷம், பகல் வகுப்பு."